முப்பத்தெட்டு பேர் ரத்தம்

— அதெல்லாம் எனக்கு வேணாம் சார். அந்த ஃப்ரிட்ஜ தொறங்க. எங்க ஜனம் முப்பத்தெட்டு பேரு ரத்தம் அதுக்குள்ள கீது. எங்க ரத்தம் எங்களுக்கு வேணும்.

— அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்கோ. இது ஆத்துல இருக்கற ஃப்ரிட்ஜ் இல்லை. மைனஸ் எண்பது டிகிரி. இதுல இருக்கறதை எடுத்து, நீங்க கொண்டு வந்திருக்கேளே இந்த... இது என்ன பெட்டி?

— மீன் பெட்டி. சதுரங்கப்பட்டினத்துல ஏலம் எடுக்கறவங்களாண்ட கேட்டு வாங்கினு வந்தேன். மூணு தபா பினாயில் ஊத்திக் கழுவி, ஐஸ் போட்டு, திருக்கழுக்குன்றத்துலேந்து பஸ்ஸுல மடியில வச்சி எடுத்தாந்தேன். கண்டக்டரு மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

— அத்தை, எனக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே.

— உனக்கு இன்னாத்துக்கு போனு, அன்பரசி? மூணு வாரமா காலனி பக்கம் தல காட்டல நீ. உன் மார்கரெட் அத்தை மூஞ்சிய பாக்க வெக்கமா கீதா?

— வெக்கம் இல்ல அத்தை. பயம்.

— அன்பரசி, இவா உன் சொந்தக்காராளா?

— எங்க அப்பாவோட தங்கச்சி சார். பொத்தேரியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமைக்கறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி காலனியில வீடு வீடா போய், ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுங்கன்னு பேசினது இவங்கதான். இவங்க இல்லைன்னா நமக்கு ஒரு டியூப் கூட கிடைச்சிருக்காது.

— அப்படியா. ரொம்ப சந்தோஷம்மா. நான் ராமானுஜம். இந்த லேபுக்கு நான்தான் பொறுப்பு.

— தெரியும் சார். பேப்பர்ல உங்க போட்டோவ பாத்தோம். கண்ணாடி போட்டுகினு, கையில ஒரு டியூப தூக்கிப் புடிச்சிகினு நின்னீங்க. அது எங்கள்ல யாரோட ரத்தமோன்னு எல்லாரும் பேசிக்கினோம்.

— பாருங்கோ, அது இப்போ வெறும் ரத்தம் இல்லை. ஆராய்ச்சிப் பொருள். வர திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பறோம். வெளிநாட்டுல இருக்கறவாளெல்லாம் படிக்கப் போறா. இந்த நேரத்துல வந்து திருப்பிக் குடுன்னா எப்படி?

— தோ பாரு சார். ரத்தம் எடுக்கறதுக்கு முன்ன, எங்க சர்ச்சுல மைக்க புடிச்சிகினு இவதான் ஒரு காயிதத்த படிச்சா. அதுல ஒரு வரி எனக்கு மனப்பாடம். 'நான் எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், என் ரத்த மாதிரியையும் அதன் முடிவுகளையும் திரும்பப் பெறலாம்.' படிச்சியா இல்லியாம்மா நீ?

— படிச்சேன் அத்தை. புரியலைன்னு பெஞ்சமின் மாமா கேட்டாருன்னு ரெண்டாவது தடவையும் படிச்சேன்.

— கேட்டீங்களா சார். இப்ப இந்தா, எங்க காயிதம். முப்பத்தெட்டு பேரும் போட்டுக்கீறாங்க. ஆறு பேரு கைநாட்டு, மத்தவங்கல்லாம் கையெழுத்து. காரணம் சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. ஆனா நான் சொல்லிட்டுதான் போவேன்.

— சொல்லுங்கோ.

— எம்மவன் ஸ்டான்லி ஐ.டி.ஐ. படிச்சிட்டு ஒரு வருசமா வேல தேடிகினு கெடந்தான். பைபாஸாண்ட புச்சா ஒரு கம்பெனி வந்துகீது. அங்க எழுத்துப் பரீட்ச வச்சாங்க, பாஸு. மிஷின்ல கைய வச்சி வேல செஞ்சி காட்டுன்னாங்க, அதுவும் பாஸு. கடேசியா எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னான். அந்த ஆபீசரு போன எடுத்து, உங்க போட்டோ வந்த பேப்பர காட்டினாராம். 'உங்க ஊரு ஆளுங்களுக்கு ஒடம்புலயே ஏதோ கோளாறு கீதாமே, பரம்பரையா வருதாமே'ன்னு கேட்டாராம். எங்க காலனி பசங்க ஒம்பது பேரு சார். அன்னிக்கே ஒம்பது பேரையும் வூட்டுக்கு அனுப்சிட்டாங்க.

— நான் கோளாறுன்னு சொல்லவே இல்லையே. அந்தக் கம்பெனி யாருதுன்னு கூட எனக்குத் தெரியாது. தலைப்பைப் பேப்பர்காரர் அவர் இஷ்டத்துக்குப் போட்டுட்டார்.

— 'பட்டினி ஊறிய ரத்தம்.' அதான தலைப்பு? கீழயே எங்க ஊரு பேரு, கொட்ட எழுத்துல.

— ஊர் பேரைக் குடுக்க வேணாம்னு நான் சொன்னேன் அத்தை. சாருக்கு மூணு மெயில் போட்டேன். கட்டுரையிலயும் ஊர் பேர் அப்படியே இருக்கு.

— அன்பரசி, அதை நாம அப்புறம் பேசிக்கலாம்.

— ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு உங்க அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல இருபது பேர்கிட்ட ரத்தம் எடுத்தோமே சார். அந்த ஊர் பேர் கட்டுரையில எங்கயும் இல்ல. 'ஒப்பீட்டுக் குழு'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு.

— அவா படிச்சவா. கேள்வி கேப்பா.

— நாங்களும் கேக்கதான் சார் வந்துகீறோம். அன்பு, நீ சொல்லு. எங்க ஒடம்புல இன்னாதான் கீது? ஹாஸ்டல்ல எரநூறு பேருக்கு வடிச்சிக் கொட்டறவ நான். எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— உங்க சமையல்கட்டுல எத்தனை அடுப்பு அத்தை?

— ஆறு.

— காலைல இட்லிக்கு ரெண்டு பத்த வைப்பீங்க. மதியம் ஆறும் எரியும். ராத்திரி பால் காய்ச்ச ஒண்ணு போதும். அடுப்பு அதே அடுப்புதான். எந்த நேரத்துக்கு எது எரியணுமோ, அந்த நாபைத் திருப்பறீங்க. ஜீனும் அப்படித்தான் அத்தை. உங்களுக்கு, எனக்கு, சாருக்கு, எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடுப்புங்க. எதை எப்போ எவ்வளவு எரிய விடணும்னு உடம்பு நாபைத் திருப்பிக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல பொடிப் பொடியா ஒரு ஒட்டு ஒட்டும், உரியும். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள பட்டினி கிடந்தா, உள்ள இருக்கற புள்ளைக்கு அந்த ஒட்டு கொஞ்சம் மாறிப் போகுது. வளந்தப்புறமும் சிலருக்கு அது தெரியுது. நாங்க அளந்தது அதைத்தான்.

— அப்போ அடுப்பு நல்லாதான் கீது.

— நல்லாதான் இருக்கு அத்தை.

— ஒடஞ்ச அடுப்பு இல்ல.

— இல்லவே இல்ல.

— எவனோ நாப திருகிட்டுப் போயிட்டான்.

— அப்படித்தான்.

— எவன் அவன்?

— அத்தை...

— இன்னாம்மா முழிக்கற? நான் சொல்றேன். நான் வயித்துல இருக்கசொல்ல எங்கம்மா நடவு நட்டுச்சி. நெலத்துக்கார ஆண்ட, கூலிய நெல்லா அளப்பான், பாதி பதருதான். மழ வந்து வேல நின்னா அதுவும் இல்ல. நாலு நாளு கீரத்தண்ணிதான் குடிச்சேன்னு அதுவே சொல்லிகீது. சார், உங்க கட்டுரையில எங்கம்மா பசி கீது, என் ரத்தம் கீது, எங்க ஊரு பேரு கீது. அந்த ஆண்ட பேரு எந்தப் பக்கத்துல கீது?

— அம்மா, அது சமூக ஆராய்ச்சி. வேற துறை. நாங்க செல்லுக்குள்ள இருக்கறதை மட்டும்தான் பார்க்கறோம்.

— நல்லா கீது சார் உங்க துறை. திருகின கைய வுட்டுட்டு அடுப்பு மேல பழி போடற துறை.

— ஒரு நிமிஷம் கேளுங்கோ. எனக்குப் பட்டினி தெரியாதுன்னு நினைக்காதேங்கோ. நான் பிறந்தது கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம். எங்கப்பா கோவில் மடப்பள்ளியில சமையல். நான் மூணு மாசக் கருவா இருக்கச்சே அவர் போயிட்டார். எங்கம்மா ராஜத்துக்கு அப்போ இருபது வயசு. தாலி அறுத்தவளுக்கு ஒரு வேளைச் சோறுதான் முறைன்னு எங்க பாட்டனார் சொல்லிட்டார். வயித்துல குழந்தை இருக்குன்னு கூட யாரும் பார்க்கலை. ஏகாதசி அன்னிக்கு அந்த ஒரு வேளையும் கிடையாது. அப்படிப் பிறந்தவன் நான். மாநிலத்துலயே ஏழாவதா வந்தேன். எங்கம்மாவை உட்கார வெச்சுச் சோறு போட்டேன். நான் யார்கிட்டயாவது போய்ப் புலம்பினேனா? மனசு வெச்சா மேல வரலாம்மா.

— அப்போ உங்களுக்கு மனசு. எங்களுக்கு மட்டும் ரத்தம்.

— நான் அப்படிச் சொல்லலை.

— அப்படித்தான் சார் எழுதியிருக்கீங்க. கடைசிப் பக்கம். 'இம்மக்களின் கற்கும் திறனும் உழைப்புத் திறனும் பிறவியிலேயே குறைந்திருக்கக்கூடும்.' கற்கும் திறனை நாம அளந்தோமா? உழைப்பை அளந்தோமா? ரத்தத்துல ஒட்டு எவ்வளவு இருக்குன்னு பார்த்தோம். அதோட நின்னிருக்கணும்.

— 'கூடும்'னுதானே போட்டிருக்கேன்.

— அந்த ஒரு 'கூடும்'தான் சார் ஒம்பது பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கு.

— உணர்ச்சிவசப்படாதே. தரவைப் பாரு. முப்பத்தொம்பதாம் நம்பரைப் பாரு. கட்டுரையோட முதல் படமே அதான். அவ்வளவு மாறுதல் இருக்கற ஒரு மாதிரியை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை. அந்த மனுஷன் பள்ளிக்கூடம் முடிச்சிருந்தாலே ஆச்சரியம்.

— ஒரு டியூபை வெச்சுக்கிட்டு ஒரு ஆளோட படிப்பைச் சொல்ல முடியாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அதோட முப்பத்தொம்பதுக்குச் சம்மதப் படிவமே இல்ல. அதைச் சேர்க்காதீங்கன்னு அப்பவே கேட்டேன்.

— படிவம் எங்கேயாவது கை தவறிப் போயிருக்கும். அதுக்காக ஆகச் சிறந்த மாதிரியைத் தூக்கிப் போட முடியுமா? அன்பரசி, ஒண்ணு சொல்றேன், யோசிச்சுக்கோ. உன்னோட வேலை நீட்டிப்புக் கடிதம் என் மேஜை மேல இருக்கு. அஞ்சு வருஷ உழைப்பு. கட்டுரையில முதல் பேர் உன்னுது. இப்போ யார் பக்கம் நிக்கறேன்னு பார்த்து நில்லு.

— யோசிச்சுட்டேன் சார். கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க.

— என்ன சொல்றே?

— அந்த வரி இருக்கற கட்டுரையில என் பேர் வேணாம். ஃப்ரீசர் சாவி என்கிட்டதான் இருக்கு. அத்தை, பெட்டியை இப்படிக் கொண்டாங்க.

— இரு அன்பு. நான் சாரோட மல்லுக்கட்டதான் வந்தேன். உன் பொழப்புல மண்ணப் போட வர்ல. இத்த எடுத்துகினு போனா உன் அஞ்சு வருசம் இன்னாவும்?

— போகட்டும் அத்தை. மறுபடியும் வீடு வீடா வந்து கேப்பேன். இஷ்டப்பட்டவங்க குடுங்க, இல்லைன்னா கதவைச் சாத்துங்க. ஆனா இந்தத் தடவை ஆண்டைங்க வீட்டுக் கதவையும் தட்டி அவங்க ரத்தத்தையும் கேப்பேன். எந்த வருஷம் யாரு கூலியை நிறுத்தினாங்கன்னு உங்க வாயால சொல்லி, அதையும் எழுதுவேன். என்னை யாரு வேலைக்கு வெச்சுப்பாங்கன்னு தெரியல. வெச்சுக்கலைன்னாலும் செய்வேன்.

— நான் டைரக்டருக்குப் போன் பண்றேன்.

— பண்ணுங்க சார். அந்தப் படிவத்துல அவர் கையெழுத்தும் இருக்கு. அத்தை, இந்தக் கையுறையைப் போட்டுக்கங்க. இல்லைன்னா விரல் ஒட்டிக்கும்.

— யப்பா. பொகையாட்டம் வருது. சரி, நீ நம்பர சொல்லு. நான் காயிதத்துல பேர பாத்து டிக்கு அடிச்சிக்கறேன்.

— ஒண்ணு. மேரி அக்கா.

— கீது.

— ரெண்டு. பெஞ்சமின் மாமா.

— கீது. மேல சொல்லு.

— அம்மா, கொஞ்சம் நிதானமா வையுங்கோ. உடைஞ்சிடப் போறது.

— எரநூறு பேருக்கு முட்ட அவிக்கறவ சார். எதுவும் ஒடையாது. நீ சொல்லுமா.

— ...முப்பத்தாறு. ராமதாஸ் மாமா. முப்பத்தேழு, ஏசுதாஸ் சித்தப்பா. முப்பத்தெட்டு, நீங்க.

— நான்தான். ஆச்சி. மூடிய போடு.

— இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை.

— அதைத் தொடாதேங்கோ. அது முப்பத்தொம்பது. படத்துல இருக்கறது அதான்.

— அது எங்களுது இல்ல சார்.

— நீங்க எப்படிச் சொல்ல முடியும்?

— அன்னிக்கி ரத்தம் குடுத்துட்டு வந்தவங்களுக்கு அவிச்ச முட்டைய உரிச்சிக் குடுத்தது யாரு? நான்தான். முப்பத்தெட்டு முட்ட அவிச்சேன். மிச்சமும் இல்ல, பத்தாமயும் போகல. எங்க ஆளுங்க முப்பத்தெட்டுதான்.

— யாராவது முட்டை சாப்பிடாம போயிருப்பா.

— எங்க காலனியிலயா? சும்மா இருங்க சார். அன்பு, அந்த டியூப இப்டி வெளிச்சத்துல காட்டு. மேல பனிய தொடச்சி வுடு. இன்னா அது, மஞ்சளா வட்டமா, நடுவுல செவப்பா?

— சந்தனம் அத்தை. நடுவுல குங்குமம்.

— நாங்க வேதக்காரங்க. எங்கள்ல எவன் டியூபுக்குப் பொட்டு வச்சான்?

— ...சார்.

— என்ன?

— நாம ரத்தம் எடுத்தது ஆயுத பூஜை அன்னிக்கு. லீவு நாள்ல எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு காலையில சர்ச்சுல கேம்ப் போட்டோம். மதியம் நான் டியூப் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இங்க வந்தப்போ, புது மிஷினுக்குப் பூஜை நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. பொரி கடலை கூட வாங்கினோம். அதுக்கும் இதுக்கும் என்ன?

— எந்தப் புது மிஷின் வந்தாலும் முதல்ல ஓட்டறது உங்க ரத்தம்தான். அது உங்க வழக்கம் சார். அடுத்தவா ரத்தத்துல சோதிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வீங்க. அன்னிக்கு கேம்புக்கு வந்த நர்ஸ் ஜாக்குலின் சிஸ்டர் உங்க இடது கையில எடுத்தாங்க. மிஷினுக்குப் பொட்டு வெச்ச அதே விரலால நீங்கதான் அந்த டியூபுக்கும் வெச்சீங்க. மிஷின்ல ஓட்டினப்புறம் மீதியை காலனி டியூப் ஸ்டாண்டுல, முப்பத்தெட்டுக்குப் பக்கத்துல காலியா இருந்த குழியில செருகிட்டு, எல்லாரும் பொரி சாப்பிடப் போயிட்டோம். சாயங்காலம் நான் வரிசையா நம்பர் ஒட்டினேன். அத்தை முட்டையை எண்ணின மாதிரி நான் டியூபை எண்ணலை. தப்பு என்னுது.

— இல்லை. இருக்காது.

— சந்தேகமா இருந்தா இப்பவே ஒரு சொட்டு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் சார். நாளைக்குள்ள தெரிஞ்சிடும்.

— வேணாம்.

— சார்...

— வேணாம்னு சொல்றேன். அது என்னுது இல்லை. அவ்வளவு மாறுதல் இருக்கற ஒருத்தன்... அவ்வளவு...

— அன்பு, அந்த ஸ்டூல இழுத்துப் போடு. உக்காருங்க சார். மூஞ்சே வெளுத்துப் போச்சி. தண்ணி குடிங்க. உங்கம்மா பேரு இன்னா சொன்னீங்க?

— ராஜம்.

— ராஜம்மாவுக்கு ஒரு வேளைதான் சோறுன்னு சொன்னவரு பேரு உங்க கட்டுரையில கீதா சார்?

— ...பள்ளிக்கூடம் முடிச்சிருந்தாலே ஆச்சரியம்னு நான்தான் சொன்னேன்.

— ஆமா சார். நீங்கதான் சொன்னீங்க.

— அந்தப் படத்தைப் பேப்பர்காரர்கிட்ட குடுத்துட்டேன், அன்பரசி. ஞாயித்துக்கிழமை மலர்ல போடறேன்னிருக்கார். அது யாரோடதுன்னு வெளியில தெரியக் கூடாது. என் பொண்ணு ஸ்வாதிக்கு இப்போதான் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கு. அவா ஆத்துல படிச்சவா, எல்லாத்தையும் தேடிப் பார்க்கறவா. பரம்பரையா வரும்னு நானே பேட்டி குடுத்திருக்கேன். என் பொண்ணோட வாழ்க்கை என்ன ஆறது?

— தோ பாருங்க சார். நாங்க யாராண்டயும் மூச்சு வுட மாட்டோம். இந்தக் காயிதத்துல என் பேருக்குக் கீழ ஒரு வரி காலியாதான் கீது, காரணமும் யாரும் கேக்க மாட்டாங்க. கையெழுத்து போடுங்க, பெட்டியில எடம் கீது, உங்க ரத்தத்தையும் சேத்து எடுத்துகினு போறேன்.